டீசல் முள்ளை நம்பலாமா?

பௌர்ணமி இரவு. மணி பத்து.

வேலூரில் இருந்து திருவண்ணாமலைக்கு வரும் சாலை. இடம் வேங்கிக்கால். நிலா வெளிச்சத்தில் அண்ணாமலை நன்றாகத் தெரிகிறது. கிரிவலம் போகும் கூட்டம் சாரை சாரையாகப் போகிறது.

சாலை ஓரத்தில் ஒரு பெரிய வேன் நிற்கிறது. அது வெறும் வேன் அல்ல. ஒரு வீடு!

உள்ளே கட்டில் இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. சின்னக் கழிப்பறைகூட இருக்கிறது. இதற்குக் "கேரவன்" என்று பெயர். சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பின்போது ஓய்வு எடுப்பார்களே, அதே மாதிரி வண்டிதான்.

இப்போது குடும்பங்களும் இப்படிப்பட்ட வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகின்றன. 2021-ஆம் ஆண்டில் கேரள அரசு "கேரவன் கேரளா" என்று இதற்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டம் தொடங்கியது.

வேங்கிக்காலில் நின்ற வண்டியில் ஐந்து பேர் இருந்தார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், 70 வயதுப் பாட்டி. சென்னையில் இருந்து வந்தவர்கள்.

"என்னங்க, வண்டி நின்னுடுச்சு?" என்று மனைவி கேட்டார்.

"டீசல் தீர்ந்துவிட்டது போல் இருக்கிறது" என்றார் கணவர்.

"முள் இன்னும் சிவப்புக் கோட்டைத் தொடவில்லையே!"

"அதுதான் எனக்கும் புரியவில்லை."

பாட்டி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். "அருணாசலா! மலையைக் காட்டிவிட்டு வழியை மறித்துவிட்டாயே!" என்றார்.

கோவிலுக்கு இன்னும் நாலைந்து கிலோ மீட்டர்தான். ஆனால் பாட்டியால் நடக்க முடியாது.

கணக்கு எங்கே தவறியது?

கணவர் படிக்காதவர் அல்ல. புறப்படும்போது கணக்குப் போட்டுத்தான் புறப்பட்டார். அந்தக் கணக்கு இதுதான்:

சென்னையில் இருந்து வேலூர், சுமார் 140 கிலோ மீட்டர். வேலூரில் இருந்து போளூர் 50. போளூரில் இருந்து ஜவ்வாது மலை மேல் உள்ள ஜமுனாமரத்தூருக்கு 40. திரும்பிப் போளூர் வர 40. போளூரில் இருந்து திருவண்ணாமலை 35. ஆக மொத்தம் 305 கிலோ மீட்டர்.

வண்டி லிட்டருக்கு 9 கிலோ மீட்டர் ஓடும். டேங்க் அநேகமாகக் காலி. 40 லிட்டர் டீசல் போட்டார். 40-ஐ 9-ஆல் பெருக்கினால் 360. "55 கிலோ மீட்டர் மிச்சம். போதும், போதும்" என்று புறப்பட்டுவிட்டார்.

பெருக்கல் சரிதான். ஆனால் வழியில் நடந்தது வேறு.

சமவெளியில் 225 கிலோ மீட்டர் ஓடியது. அதற்கு 25 லிட்டர் ஆயிற்று. இது அவர் எதிர்பார்த்ததுதான்.

மலை ஏறும்போது லிட்டருக்கு 9 கிலோ மீட்டர் கிடைக்குமா? கிடைக்காது. 5-தான் கிடைத்தது. 40 கிலோ மீட்டர் ஏற 8 லிட்டர் போயிற்று. இறங்கும்போது 4 லிட்டர். ஆக, மலைக்கு மட்டும் 12 லிட்டர்.

வேலூரில் என்ன நடந்தது? கோட்டையைப் பார்க்க எல்லோரும் இறங்கினார்கள். பாட்டி வண்டியிலேயே படுத்துக்கொண்டார். வேலூர் வெயில் தெரியாதா? ஏ.சி. ஓடவேண்டும் என்று எஞ்சினை நிறுத்தாமல் விட்டார்கள். மூன்று மணி நேரம்! பிறகு திருவண்ணாமலையை நெருங்கும்போது பௌர்ணமிக் கூட்டம். வண்டி ஒரு மணி நேரம் ஊர்ந்தது. சக்கரம் உருளாவிட்டாலும் எஞ்சின் டீசல் குடித்துக்கொண்டேதான் இருக்கும். மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். நான்கு மணி நேரத்துக்கு 4 லிட்டர்.

கூட்டிப் பாருங்கள். 25, 12, 4. மொத்தம் 41 லிட்டர்!

போட்டதோ 40. அந்த ஒரு லிட்டர்தான் வேங்கிக்காலில் வண்டியை நிறுத்தியது.

முள் ஏன் பொய் சொல்கிறது?

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. டீசல் குறையக் குறைய அது கீழே இறங்கும். அது இறங்குவதைத்தான் முள் காட்டுகிறது.

ஆனால் டேங்க் சதுரப் பெட்டி அல்ல. வண்டிக்கு அடியில் கிடைத்த இடத்துக்கு ஏற்றபடி வளைத்துச் செய்யப்பட்டது. ஆகையால் முள் பாதியில் நின்றால் பாதி டீசல் இருக்கிறது என்று அர்த்தம் அல்ல. பல வண்டிகளில் முதல் பாதி மெதுவாக இறங்கும். இரண்டாம் பாதி மளமளவென்று இறங்கும்.

மேட்டில் நிறுத்தினால் டீசல் ஒரு பக்கமாக ஒதுங்கும். அப்போது முள் ஒன்று சொல்லும். சமதரைக்கு வந்தால் வேறு சொல்லும். மேலும், டேங்கின் அடியில் கொஞ்சம் டீசல் எப்போதும் தங்கி நிற்கும். உறிஞ்சும் குழாய்க்கு அது எட்டாது. இருந்தும் பயன் இல்லை.

மெக்கானிக் வந்தார்!

வேங்கிக்காலில் ஒருவர் உதவிக்கு வந்தார். அனுபவம் உள்ள டீசல் மெக்கானிக். பக்கத்துப் பங்கில் இருந்து 10 லிட்டர் டீசல் வாங்கி ஊற்றினார்கள்.

கணவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. ஆனால் பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பப் போனார்.

"சார், திருப்பாதீங்க! ஏர் பிடிச்சிருக்கு" என்று மெக்கானிக் தடுத்தார்.

அது என்ன ஏர்? காற்றுதான்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. எஞ்சின் காற்றை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று பயங்கரமாகச் சூடாகிறது. அதில் டீசல் பனிபோலத் தெளிக்கப்படுகிறது. உடனே பற்றிக்கொள்கிறது. ஆகவே டீசல் மிகுந்த அழுத்தத்தோடு வரவேண்டும். டேங்க் வறண்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். காற்று பந்துபோல் அமுங்கும். அழுத்தம் ஏறாது. டீசல் தெளிக்காது.

பெட்ரோல் வண்டியில் பெட்ரோல் ஊற்றினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். டீசல் வண்டி அப்படி அல்ல. காற்றை வெளியேற்றியாக வேண்டும்.

மெக்கானிக் டீசல் பில்டரின் மேல் இருந்த திருகைச் சற்றுத் தளர்த்தினார். கைப் பம்பை அழுத்தினார். நுரை வந்தது. மீண்டும் அழுத்தினார். குமிழி வந்தது. குமிழி நின்று சுத்தமான டீசல் வந்ததும் திருகை இறுக்கினார். சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் ஓடியது!

"சாவியைத் திருப்பிக்கிட்டே இருந்திருந்தா பாட்டரி போயிருக்கும். பம்பும் போயிருக்கும். அந்தப் பம்புக்கு டீசல்தான் எண்ணெய். வறட்சியா ஓடினா தேஞ்சுடும்" என்றார் மெக்கானிக்.

"நல்லா இருக்கணும், தம்பி" என்று பாட்டி வாழ்த்தினார்.

கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சின்

இந்த எஞ்சினைக் கண்டுபிடித்தவர் பெயரே டீசல்தான். ருடால்ப் டீசல். ஜெர்மன் நாட்டு எஞ்சினீயர். 1858-ஆம் ஆண்டில் பிறந்தவர். 1897-ஆம் ஆண்டில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது.

1900-ஆம் ஆண்டில் பாரீஸ் நகரில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அங்கே ஒரு டீசல் எஞ்சின் எதில் ஓடியது தெரியுமா? கடலை எண்ணெயில்! ஆம், திருவண்ணாமலைப் பக்கம் வயல் வயலாக விளைகிறதே, அந்த நிலக்கடலையின் எண்ணெய்தான்.

அதற்காக இன்றைய வண்டியில் கடலை எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். இன்றைய எஞ்சின் அதைத் தாங்காது.

வழியில் எண்ணெய் தேடிய முதல் ஆள் ஒரு பெண். பெர்த்தா பென்ஸ் என்பவர். மோட்டார் வண்டியைக் கண்டுபிடித்த கார்ல் பென்சின் மனைவி. 1888-ஆம் ஆண்டில் தம் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, தாய் வீட்டுக்குச் சுமார் 100 கிலோ மீட்டர் தூரம் போனார். அப்போது பங்க் ஏது? வழியில் ஒரு மருந்துக் கடையில் துணிக் கறை போக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது, தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார்.

சரியான கணக்கு எது?

நீங்களே போடலாம். நாலாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும்.

டேங்கை நிரப்புங்கள். பங்கில் குழாய் தானாக நிற்கும். அதோடு விடுங்கள். வண்டி ஓடிய கிலோ மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நாள் ஓட்டுங்கள். மறுபடியும் அதே மாதிரி நிரப்புங்கள். 360 கிலோ மீட்டர் ஓடி, 40 லிட்டர் பிடித்தது என்றால், லிட்டருக்கு 9. இதை மூன்று, நான்கு தடவை செய்யுங்கள். இருப்பதில் குறைந்த எண்ணையே உங்கள் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, டேங்க் முழுவதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். நான்கில் மூன்று பங்கை மட்டும் சேருங்கள். 60 லிட்டர் டேங்க் என்றால் 45 லிட்டர். 45-ஐ 9-ஆல் பெருக்கினால் 405 கிலோ மீட்டர். அதுதான் உங்கள் எல்லை. மீதி 15 லிட்டர் ஆபத்துக்கு.

ஓர் உதாரணம். வேங்கிக்காலில் டேங்கை நிரப்பிக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போகிறீர்கள். விழுப்புரம் சுமார் 65. அங்கிருந்து திருச்சி 160. அங்கிருந்து மதுரை 135. இதுவரை 360. ஆகவே மதுரையைத் தாண்டக்கூடாது. மதுரையில் நிரப்பினால், திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரிக்கு 245 கிலோ மீட்டர்தான். கவலை இல்லை.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. திருச்சியில் சாப்பிட இறங்கும்போதே டேங்கையும் நிரப்பிவிடுங்கள். வயிறும் டேங்கும் ஒரே இடத்தில் நிரம்பட்டும்!

மறக்கக்கூடாதவை

மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்திலேயே நிரப்புங்கள். மேலே பங்க் இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

வேகம் டீசலைக் குடிக்கும். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி 90-இல் போனால், வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் காற்று எதிர்த்துத் தள்ளுவது இரண்டேகால் மடங்கு ஆகிவிடும். கேரவன் சுவர்போல் உயர்ந்த வண்டி. அதற்கு நஷ்டம் அதிகம்.

சில கேரவன்களில் மின்சார ஜெனரேட்டரும் அதே டேங்கில் இருந்துதான் டீசல் எடுக்கும். இரவு முழுவதும் ஓடினால் காலையில் முள் இறங்கியிருக்கும். படுக்கும்போதும் எழுந்ததும் முள்ளைப் பாருங்கள்.

எஞ்சினையோ ஜெனரேட்டரையோ மூடிய கொட்டகைக்குள் ஓடவிட்டுத் தூங்காதீர்கள். அதன் புகை உயிரைக் குடிக்கும்.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு வந்த பல டீசல் வண்டிகளுக்கு யூரியா கரைசல் ஒன்றும் தேவை. அதற்குத் தனி டேங்க் இருக்கும். அது தீர்ந்தாலும் வண்டி கிளம்பாது. அதையும் டீசலோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அதை டீசல் டேங்கில் ஊற்றிவிடாதீர்கள்.

பங்குக்குள் நுழையும் முன் காஸ் அடுப்பை அணையுங்கள். சிலிண்டரை மூடுங்கள். மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் முத்திரைப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். அது உங்கள் உரிமை.

தவறிப்போய்ப் பெட்ரோலைப் போட்டுவிட்டால் சாவியையே திருப்பாதீர்கள். தள்ளி ஓரம் நிறுத்தி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பையனிடம் நோட்டுப் புத்தகம்

வேங்கிக்காலில் நின்ற வண்டி நள்ளிரவுக்குப் பிறகு புறப்பட்டது. முதலில் பங்குக்குப் போய் டேங்கை நிரப்பினார்கள். பாட்டி விடியற்காலையில் கிழக்குக் கோபுரத்தின் முன்னே இறங்கிக் கும்பிட்டார். நிலா மேற்கே மலைப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

இப்போது அந்தக் குடும்பத்தில் ஒரு புதுப் பழக்கம். மூத்த பையன் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. தேதி, கிலோ மீட்டர், லிட்டர், ஊர். பங்கில் நிற்கும்போதெல்லாம் அவன்தான் எழுதுகிறான். அவன்தான் வகுத்துச் சொல்கிறான்.

"அப்பா, இன்னும் 120 கிலோ மீட்டர்தான். அதற்குள் ஒரு பங்க் பாருங்க" என்கிறான்.

முள் என்ன காட்டினாலும் சரி, அப்பா பையன் சொல்வதைத்தான் கேட்கிறார்.