பருத்திக்கு ஈஸ்ட் சொல்லும் சாட்சி

மங்கலத்து விசைத்தறிக்காரர்கள் நூல் எவ்வளவு மெல்லியது என்பதைக் கவுண்ட்டில் அளப்பார்கள். கவுண்ட்டுக்கு முந்தைய கணக்கு ஒன்று உண்டு: பஞ்சின் இழை நீளம். இழை நீண்டால்தான் மெல்லிய நூல் திரளும். ஒவ்வொரு இழையும் பருத்தி விதையின் தோலில் இருந்து கிளம்பி நீளும் ஒற்றைச் செல். 1974-இல் கோவையில் உருவான சுவின் ரகத்தில் அது ஏறக்குறைய 4 சென்டிமீட்டரை எட்டும். எந்த மரபணு அதை நீளச் சொல்கிறது?

மரபணுக்களில் பெரும்பாலானவை வேலையாட்கள். யார் எப்போது வேலை செய்யவேண்டும் என்று ஏவும் மேஸ்திரிகள் கொஞ்சம்தான். அராபிடாப்சிஸ் என்ற கடுகு இனக் களையில் இவை 1,500-க்கு மேல். மொத்த மரபணுக்களில் 5 சதவீதம் அளவே. இவர்களைப் பிடித்துக்கொடுப்பது பன்னைப் பொங்கவைக்கும் ஈஸ்ட். வேரும் இலையும் இல்லாத இதற்குச் செடியின் சங்கதி எப்படித் தெரியும் என்றால், மரபணுவை இயக்கும் அடிப்படை முறை இரண்டுக்கும் பொது.

ஈஸ்ட்டில் கேல்4 என்றொரு புரதம். அதன் ஒரு பாதி டிஎன்ஏவில் ஒட்டும், மறுபாதி மரபணுவை முடுக்கும். இரண்டையும் பிரித்தால் வேலை நின்றுவிடும். ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-க்யு சாங்கும் 1989-இல் செய்த தந்திரம் இதுதான்: ஒரு பாதியோடு ஒரு புரதத்தையும், மறுபாதியோடு இன்னொன்றையும் இணைத்தார்கள். அந்த இரண்டும் ஒன்றையொன்று பற்றினால் பாதிகள் நெருங்கி மரபணு ஓடும். அந்த மரபணு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிப்பதாக இருந்தால், ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் அந்த ஈஸ்ட் மட்டும் பிழைக்கும். செடியின் மரபணுக்களை ஈஸ்ட்டுக்கு ஒன்றாகப் புகுத்திவிட்டால், லட்சக்கணக்கில் செத்தவற்றுக்கு நடுவே முளைத்த புள்ளியை எடுத்து, உள்ளே எந்தச் செடி மரபணு இருக்கிறது என்று படித்துவிடலாம்.

புரதத்துக்குப் பதில் டிஎன்ஏவின் ஒரு துண்டையே வைத்தும் தேடலாம். குளிரிலும் வறட்சியிலும் செடி இயக்கும் மரபணுக்களின் முன்னால் ஒரு சிறு எழுத்துத்தொடர் வரும். அதைப் பற்றுவது யார் என்று ஈஸ்ட்டிடம் கேட்டு 1997-இல் அமெரிக்காவில் சிபிஎஃப்1 என்ற மேஸ்திரியையும், 1998-இல் ஜப்பானில் டிரெப்1ஏ என்ற மேஸ்திரியையும் பிடித்தார்கள்.

பருத்தியின் முறை 2014-இல் வந்தது. ஜிஹெச்-ஹாக்ஸ்3 என்ற மேஸ்திரியை அடக்கியபோது இழை நீளம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக ஷாங்காய் குழு எழுதியது. கூடுதலாக இயக்கினால் இழை நீண்டது. அது எந்தப் புரதத்தோடு கூட்டுச் சேர்கிறது, எது அதைத் தடுக்கிறது என்பதற்கும் ஈஸ்ட்தான் சாட்சி.

ஆனால் ஈஸ்ட் சொல்வது துப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல. செடிக்குள் சந்திக்கவே வாய்ப்பில்லாத இரண்டு புரதங்கள் தட்டில் கைகோத்துவிடுவதுண்டு. டிரெப்1ஏ-வை எப்போதும் ஓடவிட்டபோது செடி குட்டையாகிப்போனது; இதை எந்த ஈஸ்ட்டும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வறட்சி வந்தால் மட்டும் இயங்கும்படி மாற்றிய பிறகே சிக்கல் தீர்ந்தது. அப்படி மாற்றிய மரபணுவை ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் ஆய்வு நிறுவனம் நிலக்கடலையில் புகுத்தி, குறைந்த நீரிலும் சிக்கனமாக வளர்வதை 2007-இல் வெளியிட்டது. இந்திய வயல்களில் மரபணு மாற்றப் பயிராகச் சட்டப்படி பயிராவது பருத்தி மட்டும்தான். அவிநாசி, பல்லடம் பக்கத்து மானாவாரிக் காட்டுக்கு அந்தக் கடலை இன்னும் வரவில்லை.