உங்களுக்குத் தெரியுமா? நாகதாளியின் தூண்டில் முள்

இலங்கையின் மன்னார்க் கரையோர வறள்நிலத்தில் வளரும் நாகதாளி (சப்பாத்திக்கள்ளி), அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தேறிய செடி.

• நீண்ட மஞ்சள் முள்ளைவிட, அதன் அடியில் கொத்தாக நிற்கும் மயிரளவு முட்களே பொல்லாதவை. ஒவ்வொன்றிலும் தூண்டிலைப் போலப் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. தைத்தால் தேய்க்காதீர்கள், ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தெடுங்கள்.

• கீறினால் பால் வடிகிறதா? அது சதுரக்கள்ளி போன்ற வேறு குடும்பச் செடி. நாகதாளியில் பால் வராது.

• வளர்க்க: ஒரு மடலை இடுக்கியால் பிடித்து வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்து, மணல் கலந்த மண் நிரப்பிய சட்டியில் நடுங்கள். நிலத்தில் வேண்டாம்; விழுந்த மடலே வேரூன்றிப் பரவிவிடும்.

• சிவப்புச் சாயம் தரும் பூச்சி என்று நம்பி 1795இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த பூச்சி, நாகதாளியின் உறவுக் கள்ளி ஒன்றைத் தின்றழித்தது. 1860களில் களையொழிக்கவே இலங்கைக்கும் அப்பூச்சி கொண்டுவரப்பட்டது.