கறை மேல மைக்கா ஒட்டினா போதுமா? கோத்தகிரி கேம்பர் வேன் கற்றுத்தந்த பாடம்!

கோத்தகிரியில் இருக்கும் என் சித்தப்பாவிடம் ஒரு பழைய வேன் உண்டு. உள்ளே மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, சின்ன அடுப்பு மேடை, மடக்கு மேசை என அதை ஒரு நகரும் வீடாகவே மாற்றி வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறை விட்டால் குடும்பமே அதில் கிளம்பிவிடும்.

ஓர் ஐப்பசி மழையில், ஜன்னலுக்குக் கீழே டீக்கறை போல ஒரு திட்டு தெரிந்தது. அதன் மேலேயே புது மைக்கா ஷீட்டை ஒட்டிவிட்டார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. அடுத்த மழைக்காலத்தில், மேல் படுக்கையைத் தாங்கிய ஸ்க்ரூ சுவரைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. நல்லவேளை, அப்போது தம்பி அதில் படுத்திருக்கவில்லை. உள்ளே இருந்த மரச்சட்டம், டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

மலையில் ஏன் இவ்வளவு ஈரம்?

நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கு, வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. 2009 நவம்பரில் பக்கத்தில் இருக்கும் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. போதாக்குறைக்கு, மேட்டுப்பாளையம் சாலை வளைவுகளில் ஏறி இறங்கும்போது வண்டியின் பாடி லேசாக முறுக்கிக்கொள்ளும். கூரை இணைப்பு, ஜன்னல் ரப்பர், கேரியர் போல்ட் என்று ஒவ்வோர் இடமாக மெல்ல வாய் பிளக்கும்.

முதலில் ஓட்டை, பிறகுதான் சுவர்

கறை தெரியும் இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்பதில்லை. தண்ணீர் மேலே நுழைந்து, சட்டம் வழியாக ஓடி, கீழே வந்து எட்டிப்பார்க்கும். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக, பகுதி பகுதியாகத் தண்ணீர் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாது.

அடுத்து, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று ஒலிக்கும், ஊறிய இடம் ‘பொத்’தென்று ஒலிக்கும். கெட்டியான மரம் வரும்வரை வெட்டி எடுங்கள். பூஞ்சைத் தூள் பறக்கும், மாஸ்க் அவசியம்.

காயவிடுங்கள், அவசரம் வேண்டாம்

மரத்தில் ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை அரிக்க ஆரம்பித்துவிடும். ஈரப்பதமானி வைத்துப் பார்த்துவிட்டு மூடுவது நல்லது. மலையில் இந்த வேலைக்கு ஏற்றது ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்கள்தான்.

துருவைச் சுரண்டி பிரைமர் அடித்துவிட்டு, புதுச் சட்டம் வையுங்கள். பிளைவுட் வாங்கும்போது ‘ஐ.எஸ். 710’ முத்திரையைப் பாருங்கள். அதுதான் மரைன் பிளைவுட். பலகை விளிம்பு வழியாகத்தான் அதிகம் தண்ணீர் குடிக்கும் என்பதால், வெட்டிய விளிம்புகளுக்கும் வார்னிஷ் பூசுங்கள். வெளி இணைப்பில் பழைய சிலிக்கானை முழுக்கச் சுரண்டிவிட்டு பாலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள். சிலிக்கான் மேல் எதுவும் ஒட்டாது.

உள்ளேயும் ‘மழை’ உண்டு!

ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். குளிர்ந்த இரவில் அது சுவரில்தான் போய்ப் படியும். ஜன்னலைத் திறக்காமல் வேனுக்குள் அடுப்பு பற்றவைக்காதீர்கள். சுவருக்கு மட்டுமல்ல, விஷவாயு சேர்ந்தால் உயிருக்கும் ஆபத்து.

சித்தப்பா இந்த முறை மைக்கா ஒட்டவில்லை. ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகையை மட்டும் ஸ்க்ரூ கழற்றித் திறக்கும்படி விட்டிருக்கிறார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதைத் திறந்து, கையை விட்டுத் தடவிப் பார்க்கிறார். கை காய்ந்து வெளியே வந்த பிறகுதான், தம்பிக்கு மேல் படுக்கை!