தெருவிளக்குக்குச் சிவப்பு வட்டம் யார் போட்டது?

“ஃபிலிமில் எடுத்த சில இரவுப் படங்களில் தெருவிளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம் தெரிகிறதே, பனியா, லென்ஸ் கோளாறா?” என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். இரண்டும் இல்லை. குற்றவாளி ஃபிலிமின் முதுகு.

கலர் ஃபிலிமில் நீலத்தை உணரும் அடுக்கு மேலே, பச்சைக்கானது நடுவே, சிவப்புக்கானது அடியில். அதற்கும் கீழே சுமார் 0.13 மில்லிமீட்டர் பிளாஸ்டிக். விளக்கின் கடும் ஒளி அடுக்குகளில் சிதறி பிளாஸ்டிக்குக்குள் இறங்குகிறது. நேராக இறங்குவது பெரும்பாலும் பின்பக்கமாக வெளியேறிவிடும். சுமார் 42 பாகைக்கு மேல் சாய்ந்து இறங்குவதோ முழு அக எதிரொளிப்பில் மாட்டி மேலே திரும்பும். புறப்பட்ட இடத்துக்கு அல்ல, கால் மில்லிமீட்டர் தள்ளி. அதனால்தான் வளையம்.

மழைக்கால அடுக்குமாடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மொட்டைமாடித் தண்ணீர் சாக்கடைக்கு இறங்கி, அங்கே அடைத்துக்கொண்டு, நாலு கட்டடம் தள்ளி எதிர்த்து ஏறுகிறது. முதலில் நனைவது தரைத்தளத்துச் சிவப்பு வீட்டுக்காரர். வேகம் அதிகமென்றால் முதல் மாடிப் பச்சைக்காரருக்கும் கால் நனையும். அங்கே வளையம் ஆரஞ்சாகும். மேல்மாடி நீலக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். அவர் வாசலில் மஞ்சள் வடிகட்டி என்ற இரும்புக் கதவு. சாக்கடை வாயை அடைக்கும் அசோசியேஷன் செயலாளரும் உண்டு: சினிமா நெகட்டிவ் ஃபிலிமின் முதுகில் பல காலம் பூசிவந்த ‘ரெம்ஜெட்’ என்ற கரிப்பூச்சு. அவரை வேலையை விட்டு அனுப்பிய ஃபிலிம்தான் சினிஸ்டில் 800டி. மற்ற கலர் ஃபிலிம்களில் வேறு தடுப்பு அடுக்குகள் இருப்பதால் வளையம் அபூர்வம்.

கழுவிய நெகட்டிவை லூப் என்ற உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். விளக்கு கரும்புள்ளி, வளையம் சிவப்பின் எதிர்நிறமான நீலப்பச்சை. கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் மாடிகளே இல்லாததால் வளையத்துக்கு நிறமும் இல்லை.

வரலாறா? ஃபிலிமுக்கு முன்பிருந்த கண்ணாடித் தகடு தடிமனானது, வளையமும் பெரிது. கருக்கிய சர்க்கரைப் பாகில் நிறமண் குழைத்துத் தகட்டின் முதுகில் பூசினார்கள். 1890களில் புகைப்படக்காரர் பால் மார்ட்டின் லண்டன் தெருவிளக்குகளை இரவில் படமெடுத்த காலம் அது.

அன்று பாகு பூசி ஒழித்த குறையை இன்று ‘ஃபிலிம் லுக்’ என்று செயலிகள் விற்கின்றன. பிரகாசமான புள்ளிகளைப் பொறுக்கி, மங்கலாக்கி, சிவப்படித்து மேலே ஒட்டுவதுதான் வித்தை. சிக்கல் எங்கே என்றால், ஜேபெக்கில் 255-க்கு மேல் எண் கிடையாது. விளக்கும் 255, அதனடியில் நிற்பவரின் வெள்ளை வேட்டியும் 255 ஆகிவிடலாம். செயலி வேட்டிக்கும் ஒளிவட்டம் சூட்டிவிடும். ஃபிலிமில் அது நடக்காது. முதுகுவரை போய்த் திரும்பித் தடம் பதிக்க வேட்டியின் ஒளி போதாது. வளையம் அலங்காரமல்ல, விளக்கின் மிஞ்சிய ஒளிக்கு ஓர் அளவீடு.

டிஜிட்டலில் செய்தே தீருவேன் என்பவர்கள் டிரைபாட் வைத்து, ‘ரா’ கோப்பாக, ஒரே காட்சியைப் பல ஷட்டர் வேகங்களில் எடுங்கள். மிகக் குறைந்த வெளிச்சம் வாங்கிய படத்திலும் எது வெளுத்து நிற்கிறதோ அதற்கு மட்டும் வளையம் போடுங்கள். ஆரம், படத்தின் உயரத்தில் நூறில் ஒரு பங்கு. அதைத் தாண்டினால் அது ஃபிலிம் லுக் அல்ல, சர்க்கரைப் பாகு பூச மறந்த கண்ணாடித் தகடு.