கேப்டனுக்கும் சொல்லலாம்

பிறர் சொல்லும் குறையைக் காதில் வாங்குவது பிறவிக் குணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பழகினால் வரக்கூடியது என்பதை விமானத் துறை பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளின் டெனெரிஃப் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் கேஎல்எம் நிறுவனத்தின் 747 ஜம்போ புறப்பட நின்றது. அதே பாதையில் பான் அம் ஜம்போ ஒன்று எதிரே மெல்ல வந்துகொண்டிருந்தது. கேஎல்எம் கேப்டன் விமானிகளுக்கே பயிற்சியளிக்கும் மூத்தவர். அன்றைய துணை விமானியைச் சோதித்து 747 ஓட்டத் தகுதியளித்தவரும் அவரே. அனுமதி வருமுன் அவர் விசையை முன்தள்ளியபோது துணை விமானி தடுத்தார். இரண்டாம் முறை தள்ளியபோது அவர் தடுக்கவில்லை. பின்னால் இருந்த விமானப் பொறியாளர் மட்டும், பான் அம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். பொறியாளர் மேற்கொண்டு பேசவில்லை. சில நொடிகளில் நேர்ந்த மோதலில் 583 பேர் இறந்தார்கள்.

பொறியாளரின் சந்தேகம் சரியானதே. ஆனால் மூத்தவரிடம் அதைக் கேள்வியாகக் கேட்கத்தான் அவரால் முடிந்தது. 'நிறுத்துங்கள்' என்று சொல்ல முடியவில்லை. பதவி உயர உயர ஒருவரிடம் குறை சொல்பவர்கள் குறைந்துபோவார்கள். அந்த மௌனத்தை அவர் தன் திறமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

அடுத்த ஆண்டே அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சக்கரக் கோளாறை ஆராய்ந்தபடி வட்டமிட்ட யுனைடெட் நிறுவன விமானம், எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைவதைப் பொறியாளர் சொல்லியும் அது கேப்டன் மனத்தில் பதியவில்லை. காக்பிட்டில் நேரும் இத்தகைய தவறுகளைப் பற்றி 1979இல் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் பயிற்சியைத் தொடங்கியது. இளையவர்கள் தெளிவாகச் சொல்லவும், கேப்டன்கள் வலியக் கேட்டு வாங்கவும் பழக்கப்பட்டார்கள். நாகரிகம் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் என்று மூத்த விமானிகள் சிலர் இதைக் கேலி செய்தார்கள். (கேலி செய்தவர்களுக்கே அது அதிகம் தேவைப்பட்டிருக்கும்.)

1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232 விமானத்தின் வால் எஞ்சின் சிதறி, விமானத்தைக் கட்டுப்படுத்தும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. கேப்டன் ஆல் ஹேன்ஸ், பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் விமானி ஒருவரையும் காக்பிட்டுக்குள் சேர்த்துக்கொண்டு, எல்லோர் யோசனையையும் கேட்டு முடிவெடுத்தார். சூ சிட்டியில் விமானம் மோதி இறங்கியது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். பழைய முறைப்படி தான் ஒருவனே முடிவெடுத்திருந்தால் அது நடந்திருக்காது என்று ஹேன்ஸ் பின்னர் பலமுறை சொன்னார்.

எந்த விமர்சனமும் நன்மையே செய்யும் என்றும் கொள்ள முடியாது. செயல்பாடு குறித்த கருத்துரைகளைப் பற்றிய ஆய்வுகளை 1996இல் தொகுத்து ஆராய்ந்த குளூகர், டெனிசி இருவரும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் செயல்திறன் குறைந்ததைக் கண்டார்கள். கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதில் திரும்பும்போது கருத்துரையின் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 'நீ கவனமில்லாதவன்' என்ற சொல்லைக் கேட்பவர், எந்த இடத்தில் என்ன தவறியது என்று திருப்பிக் கேட்டால் பேச்சு மீண்டும் வேலைக்கு வந்துவிடும்.

விமானிகளுக்குத் தந்த அந்தப் பயிற்சியின் சாயல் பிறகு அறுவை அரங்குக்கும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டுச் சரிபார்ப்புப் பட்டியலின்படி, கத்தி வைக்குமுன் அங்குள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய்திறந்துவிட்ட செவிலியருக்கு, பிறகு தவறொன்றைக் கண்டால் மருத்துவரிடம் சொல்வது எளிதாகிவிடுகிறது.