பசுப்பால் இன்றிக் கொக்கோத் தொதல்

இடம்பெயர்ந்தபோது எம்மில் பலர் கறவை மாடுகளைப் பட்டியிலேயே விட்டு வந்தோம். பால்மாவோ விலை கூடிய பொருள். 2022இல் அதற்காக வரிசையில் நின்றோம். ஆயினும் பிள்ளைகள் இனிப்புக் கேட்பார்கள். ரின்பாலில் கிண்டும் ரொபிக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலில் தொதல் கிண்டுவோம்.

பெரிய தேங்காய் ஒன்றைத் துருவி இரண்டரைக் கோப்பை பால் பிழிந்துகொள்வோம். 250 கிராம் பனங்கட்டியை அரைக் கோப்பை நீரில் காய்ச்சிக் கரைத்து, மண், தும்பு போக வடிப்போம். வறுத்த குரக்கன் மா அரைக் கோப்பை, கொக்கோத்தூள் 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றைத் தேங்காய்ப்பாலில் கட்டிபடாமல் கரைத்துப் பனங்கட்டிப் பாணியுடன் சேர்ப்போம். அடி தடித்த தாச்சியில், மெல்லிய நெருப்பில், கைவிடாமல் கிளறவேண்டும். அரைமணி நேரத்துக்கு மேலாகும். எண்ணெய் கக்கி, தாச்சியில் ஒட்டாமல் திரண்டு வரும்போது வறுத்த எள்ளு 3 மேசைக்கரண்டி சேர்த்து இறக்கி, தட்டில் பரப்பி, ஆறியபின் வெட்டலாம்.

ஒன்றை மறக்கலாகாது. தேங்காய்ப்பால் பசுப்பாலுக்கு ஈடல்ல. அதில் கொழுப்பு அதிகம், கல்சியமும் புரதமும் குறைவு. அதனாலேயே குரக்கனையும் எள்ளையும் சேர்க்கிறோம். 100 கிராம் பசுப்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அதே அளவு குரக்கன் மாவில் 300க்கு மேல் உண்டு.

பனங்கட்டியும் இனிப்பே, பிள்ளைக்கு நாளுக்கு ஒரு துண்டு போதும். மற்ற வேளைகளில் குரக்கன் கூழ், முருங்கையிலை, நெத்தலி கொடுப்போம். சொந்தக் காணி இன்னும் கைக்கு வராதவர்களும் குடிசையோரம் ஒரு முருங்கைத் தடி ஊன்றலாம்.