கண்ணாடிக்குள் கலகம் – 9: கடிபட்ட மீனும் பயந்த மீன்களும்

டைகர் பார்ப் கூட்டம் விடோ டெட்ராவின் வாலை நார்நாராக்கியதோடு போன வாரம் நிறுத்தினோம். யார் கடித்தது, ஏன் கடித்தது என்பதை மறுபடி சொல்லப் போவதில்லை. கடிபட்ட மீனைத் தேற்றிப் பழைய தொட்டிக்கே திருப்பி விடுவது வரை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பார்ப்போம்.

முதல் வேலை, பிரிப்பது. அடிபட்டதைக் காப்பாற்றத்தானே என்பீர்கள். அதற்கு மட்டுமில்லை.

கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்ற பெயரை நீங்கள் தேனீக்களோடு சேர்த்துக் கேட்டிருப்பீர்கள். தேனீ நடனத்தின் பொருளைக் கண்டுபிடித்து 1973-ல் நோபல் பரிசு பெற்றவர். அவருக்கு மீன் பைத்தியமும் உண்டு. மின்னோ என்ற சின்ன ஐரோப்பிய மீன்களை வைத்து ஆராய்ந்தபோது, ஒன்றை மட்டும் அடையாளம் காண அதன் வால் பக்கத்து நரம்பு ஒன்றை வெட்டினார். நரம்பு அறுந்தால் அந்த இடம் கறுத்துவிடும். கூட்டத்தில் சட்டென்று கண்ணில் படும். அந்த மீனைக் கூட்டத்தில் விட்டாரோ இல்லையோ, மற்றவை அலறியடித்து ஒதுங்கின. 1938-ல் அவர் இதை எழுதினார். காயம்பட்ட தோலிலிருந்து ஏதோ ஒன்று தண்ணீரில் கலக்கிறது, அதை முகர்ந்துதான் மற்றவை பயப்படுகின்றன என்பது முடிவு. அந்தப் பொருளுக்கு ஷ்ரெக்‌ஸ்டாஃப் என்று பெயரும் வைத்தார்.

இந்த வாரம் முழுக்க நான் இதிலேயே கிடந்தேன். கெண்டை, பார்ப், டெட்ரா, டேனியோ, கெளுத்தி ஆகியவை அடங்கிய பெரிய மீன் குலத்தில், தோலுக்குள் இதற்கென்றே உயிரணுக்கள் இருப்பதாகப் பல காலம் சொல்லிவந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவற்றுக்கு வெளியே திறக்கும் வாயே கிடையாது. தோல் கிழிந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். வட அமெரிக்காவின் ஃபேட்ஹெட் மின்னோவில் இன்னொரு கூத்து: முட்டையிடும் இடத்தைச் சுத்தம் செய்ய ஆண் மீன் உடம்பைக் கல்லில் உரசும். அந்தப் பருவத்தில் மட்டும் அதன் தோலில் இந்த அணுக்கள் இல்லாமல் போய்விடும். தன் குடும்ப வேலைக்காக ஊரைக் கலவரப்படுத்தக் கூடாது பாருங்கள்!

2012-ல் சிங்கப்பூரில் ஜீப்ரா மீன்களை வைத்துச் செய்த ஆய்வில், பயத்தைக் கிளப்பும் பொருள்களில் ஒன்று காண்ட்ராய்டின் என்ற சர்க்கரைச் சங்கிலியின் துண்டுகள் என்று தெரிந்தது. வீட்டில் பெரியவர்களின் மூட்டுவலி மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், அதே பெயர் இருக்கலாம்.

ஆக, கடிபட்ட டெட்ராவைத் தொட்டியிலேயே விட்டுவைத்தால் மற்ற டெட்ராக்களும் மூலையில் ஒடுங்கி நிற்கலாம். அதைப் பிரிப்பது இரு தரப்புக்கும் நல்லது.

தனித் தொட்டிக்கு மண், செடி எதுவும் வேண்டாம். ஒளிந்துகொள்ள ஒரு மண் சட்டித் துண்டு, பெரிய தொட்டி ஃபில்டரில் ஊறிப் பழகிய ஒரு ஸ்பாஞ்ச், கொஞ்சம் காற்று. தண்ணீரில் அம்மோனியா துளியும் இருக்கக் கூடாது. தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கிய பிறகுதான். வெப்பம் 27, 28 டிகிரி. சென்னைக்காரர்களுக்கு ஹீட்டர் பெரும்பாலும் வீண் செலவு, ஊட்டிக்காரர்கள் வாங்கியே ஆக வேண்டும்.

மருந்து என்றதும் கடையில் நீல பாட்டிலை நீட்டுவார்கள். மெத்திலீன் ப்ளூ, பூஞ்சைக்குச் சரி. வெறும் வால் கிழிசலுக்குத் தேவையில்லை. ஸ்பாஞ்சில் வளர்ந்த நல்ல பாக்டீரியாவையும் அது கொன்றுவிடும். என் கட்சி கல் உப்புதான். நன்னீர் மீனின் ரத்தத்தில் வெளியே உள்ளதைவிட உப்பு அதிகம். தோல் கிழிந்தால் உப்பு கசியும், தண்ணீர் உள்ளே ஏறும். வெளியிலும் கொஞ்சம் உப்பு இருந்தால் அந்தப் பாரம் குறைகிறது. லிட்டருக்கு 1 கிராமில் ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் 3 கிராம் வரை போகலாம். கெளுத்தி வகைகளுக்கு அவ்வளவு தாங்காது. உப்பு ஆவியாகாது என்பதால், மாற்றிய தண்ணீருக்கு மட்டும் கணக்குப் போட்டுச் சேருங்கள்.

துடுப்பு திரும்ப முளைக்கும். ஜீப்ரா மீனின் வெட்டுப்பட்ட வால் 28 டிகிரியில் இரண்டு வாரங்களில் கிட்டத்தட்ட முழுசாக வளர்ந்துவிடுகிறது. கடி வாலின் அடிச்சதை வரை போயிருந்தால் அந்த நம்பிக்கை குறைவு. காயத்தின் மேல் பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்தால் பூஞ்சை. நீல பாட்டிலை அப்போது திறங்கள். ஓரம் சிவந்து நாளுக்கு நாள் உள்ளே தேய்ந்தால் பாக்டீரியா. உப்பை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ஃபான் ஃபிரிஷ் பக்கங்களைத் தின்றுவிட்டார். தேறிய மீனைப் பழைய ரவுடிகளிடமே எப்படித் திருப்பி விடுவது, கல்லையும் கட்டையையும் ஏன் முதலில் இடம் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அடுத்த வாரம். அதுவரை, வால் வளர்ந்துவிட்டது என்று அவசரப்பட்டு அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.